மூணு மணிக்குப் போகும் வைஃபை

"மேடம், திரும்பவும் போச்சு மேடம்" என்று போன் வந்தபோது என் வாயில் நாலு ஸ்க்ரூ இருந்தது. எங்கள் தொழிலில் ஸ்க்ரூ வைக்க வாயைவிடப் பத்திரமான இடம் கிடையாது. மேசையில் வைத்தால் உருண்டு ஓடிவிடும், டப்பாவில் போட்டால் எந்த லேப்டாப்போடது என்று குழம்பும். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டதில் ஒரு ஸ்க்ரூ தொண்டை வரை போய்விட்டது. பக்கத்து டீக்கடைக்காரர் ஓடி வந்து முதுகில் நாலு தட்டு தட்டிய பிறகுதான் வெளியே வந்து விழுந்தது. துடைத்து, அதே லேப்டாப்பில் போட்டு முடுக்கினேன். அது இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.

என் பேர் ரெஜினா. மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த லைனுக்குப் புதிதாக வருகிறவர்கள், "நீங்க பாத்ததுலயே கஷ்டமான கேஸ் எது?" என்று கேட்பார்கள். செத்துப்போன மதர்போர்டு, சாம்பார் கொட்டிய கீபோர்டு என்று ஏதாவது பெரிதாக வரும் என்று எதிர்பார்ப்பார்கள். அதெல்லாம் இல்லை. ஒரு வீட்டு வைஃபை. அதற்காக ஒரு வாரம் கடையைப் பாதி நாள் பூட்டினேன், ஒரு குடும்பத்துக்கே வெங்காயம் உரித்தேன், கடைசியில் குற்றவாளியை என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கதைதான் இது.

1. கடைக்கு வந்தால் குணமாகிவிடும்

போன் செய்தது அஞ்சலை. உப்பளத்தை ஒட்டின கடைசித் தெருவில் வீடு. போன் அவளுடையது அல்ல, மகள் தமிழ்ச்செல்வியுடையது. தமிழ்ச்செல்வி வீட்டில் இருந்தபடியே சென்னையில் ஒரு கூரியர் கம்பெனிக்கு கஸ்டமர் சப்போர்ட் வேலை பார்த்தாள். "என் பார்சல் எங்கே?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்கிற வேலை. மத்தியானம் இரண்டிலிருந்து ராத்திரி பத்து வரை ஷிப்ட். ஷிப்டில் அறைக்குள் செல்போன் இருக்கக் கூடாது என்பது கம்பெனி சட்டம். அதனால் போன் வெளியே அம்மாவிடம் இருக்கும். நெட் போனால் மகள் உள்ளேயிருந்து கத்துவாள், அம்மா எனக்குப் போன் போடுவாள்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். இதில் அந்த வீட்டுக்கு என்ன போகிறது என்பதை நான் முதல் நாளே தெரிந்துகொண்டேன். அஞ்சலை இருபது வருஷம் பாத்தியில் இறங்கி உப்பு வாரியவள். உள்ளங்காலில் ஆறாத புண். வேலை கிடைத்த அன்றைக்கே மகள், "இனிமே நீ பாத்தியில கால் வைக்கக் கூடாது" என்று சொல்லி நிறுத்திவிட்டாள். தினமும் அம்மாவின் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவதும் மகள்தான், அதனால் சென்னைக்குப் போய் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கவும் முடியாது. இந்த வேலை போனால் அஞ்சலை அந்தக் காலோடு மறுபடி உப்பில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

தமிழ்ச்செல்வி முதலில் ஒரு காலை நேரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். "அக்கா, நல்லா போயிட்டே இருக்குது, மூணு மணி ஆனா வைஃபை படுத்துடுது. ஒரு கோடு வருது, போவுது. ஆறு, ஆறரைக்கு மேல தானா சரியாயிடுது" என்றாள்.

என் கடை வைஃபையில் போட்டுப் பார்த்தேன். கறுப்பு விண்டோவைத் திறந்து பிங் போட்டு, அதாவது லைன் நிற்கிறதா என்று நொடிக்கு நொடி தட்டிப் பார்க்கும் சோதனையை, ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். ஒன்றுகூட விடவில்லை. இது எங்கள் தொழிலில் சாதாரணம். வீட்டில் உயிரை வாங்கும் லேப்டாப் கடைக்கு வந்ததும் சமர்த்தாகிவிடும். கஸ்டமர் நம் முகத்தைப் பார்ப்பார், நாம் கஸ்டமர் முகத்தைப் பார்ப்போம், இரண்டு பேருக்கும் மற்றவர் பேரில் சந்தேகம் வரும்.

2. நான் மேதாவியான மூன்று நாள்

சும்மா அனுப்ப மனசில்லை. வைஃபை டிரைவர் சாஃப்ட்வேரைத் தூக்கிவிட்டுப் புதிதாகப் போட்டேன். பேட்டரியை மிச்சம் பிடிக்க லேப்டாப் தானாகவே வைஃபையை அணைக்கும் ஒரு செட்டிங் உண்டு, அந்த டிக்கை எடுத்துவிட்டேன். அடுத்த நாள் மூணு மணிக்கு அஞ்சலை போன் செய்தாள்.

திரும்ப லேப்டாப் வந்தது. இந்த முறை அடி மூடியைக் கழற்றினேன். பிரம்மதேசம் பக்கத்து லேப்டாப்பைத் திறந்தால் உள்ளே நெல் தூசி இருக்கும். எக்கியார்குப்பம், மரக்காணம் என்றால் உப்பு. வைஃபை கார்டில் கறுப்பு, வெள்ளை என்று இரண்டு மெல்லிய ஆன்டெனா ஒயர் வந்து மிளகு அளவு மூக்கில் மாட்டியிருக்கும். அதில் ஒரு மூக்கில் பச்சை பூத்திருந்தது. எனக்கு வாயெல்லாம் பல். "கண்டுபிடிச்சுட்டேன், உப்புக்காத்து வேலையைக் காட்டிடுச்சு" என்று டீக்கடை வரை கேட்கிற மாதிரி சொன்னேன். சுத்தம் செய்து, கார்டையும் புதிதாக மாற்றி, இனிமேல் உன் லைன் போனால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன் என்று சபதம் வேறு போட்டேன்.

அடுத்த நாள் மூணு மணிக்குப் போச்சு. அதுவும் எப்படிப் போச்சு என்று கேளுங்கள். வானூர்க்காரர் ஒருவர் தங்கச்சி கல்யாணத்துக்கு மிக்சி ஆர்டர் செய்திருக்கிறார். தமிழ்ச்செல்வி, "சார், உங்க மிக்சி இப்ப வந்து" என்று ஆரம்பித்ததும் லைன் அறுந்துவிட்டது. மனுஷர் பயந்துபோய் மறுபடி கூப்பிட்டார். இன்னொரு பெண் எடுத்தாள். "ஏம்மா, என் மிக்சிக்கு என்னாச்சு? அந்தப் பொண்ணு சொல்ல வந்து சொல்லாம வெச்சுட்டுது" என்று கேட்டு ஒரு புகாரும் எழுதிவிட்டார். இதைக் கடைக்கு வந்து சொல்லும்போது தமிழ்ச்செல்வி அழுதாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அழுகிற பிள்ளை முன்னால் சிரித்தேன், அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும்தான் அவள் மிச்சத்தைச் சொன்னாள். இதோடு மூன்று புகார். வருகிற வெள்ளிக்கிழமை மூணிலிருந்து நாலு வரை அவளுடைய டீம் லீடர் லைனில் உட்கார்ந்து கேட்கப் போகிறார். அப்போதும் அறுந்தால் வேலை அன்றோடு முடிந்தது.

3. விருந்தாளி மேடம்

திங்கட்கிழமை மத்தியானம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போனேன். முன் அறையில் சுவரோடு ஒரு சிமெண்ட் பலகை. அதில் டிவி, அதன் மேல் தட்டில் ரவுட்டர். உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தமிழ்ச்செல்வி. அஞ்சலை என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுமே வீட்டை ஒழுங்குபண்ண ஆரம்பித்துவிட்டாள் போல, நான் செருப்பைக் கழற்றுவதற்குள் பாய் சுருண்டது, துணி மறைந்தது, எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. "உக்காருங்க மேடம்" என்று கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தாள்.

வீட்டுக்காரர் ஏழுமலை தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். உப்பளத்தில் மோட்டார் ஓட்டுகிறவர். விடிவதற்கு முன்னாலேயே போய் பாத்திக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு உச்சிக்கு வீடு திரும்புவார், சாப்பிட்டுத் தூங்கினால் மூணு மணிக்குத்தான் எழுந்திருப்பார். அன்றைக்கும் மூணு மணிக்கு எழுந்தார், என்னைப் பார்த்ததும் அவசரமாகச் சட்டையைத் தேடினார். அஞ்சலை அவரைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சொன்னாள், அவர் பேசாமல் வெளியே போய் நின்றுகொண்டார். புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம் என்று நினைத்து நான் ரவுட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைஃபை சும்மா பறந்தது. மூணு, மூணரை, நாலு. ஐந்து கோடும் நிமிர்ந்து நின்றது. நான் கலரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். உப்பளத்து வளைவைத் தாண்டவில்லை, போன். "மேடம், போச்சு மேடம்."

வண்டியை ஓரங்கட்டி, "ரவுட்டர்ல லைட்டெல்லாம் எரியுதா பாரு" என்றேன். ஒரு நிமிஷம் சத்தம் இல்லை. பிறகு, "எல்லாம் பச்சையா எரியுது மேடம். ஆங், வந்துட்டுதாம். பாப்பா சொல்லுது" என்றாள். சரி என்று வைத்தேன். இரண்டு நிமிஷத்தில் மறுபடி போன். மறுபடி லைட்டைப் பார்க்கச் சொன்னேன், மறுபடி வந்துவிட்டது. லைட்டைப் பார்த்தால் வருகிறது, பார்க்காவிட்டால் போகிறது. இருபது வருஷ சர்வீசில் இப்படி ஒரு கோளாறை நான் கேள்விப்பட்டதே இல்லை.

செவ்வாய்க்கிழமையும் அதே கதை. நான் இருக்கும் வரை பறந்தது, கிளம்பியதும் படுத்தது. அன்று இரவு நான் ஒரு நோட்டில் எழுதின காரணங்களை இப்போது படித்தால் மானம் போகிறது. வெயிலில் லேப்டாப் சூடாகிறதா? கூலிங் பேட் வாங்கிக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு ரவுட்டரோடு சேனல் இடிக்கிறதா? மாற்றினேன். அதற்கப்புறம் எழுதியிருப்பவை: அந்தத் தெருவில் மூணு மணிக்கு மாவு அரைக்கும் கிரைண்டர். மீன் ஏலம் போடுகிற மைக். கடல் ஏற்றம். கடைசி வரி, 'கொக்கு?' என்று கேள்விக்குறியோடு இருக்கிறது. மூணு மணிக்கு உப்பளத்துப் பக்கம் கொக்கு கூட்டமாகத் திரும்பும், அது சிக்னலை மறிக்கிறதோ என்று படித்த பெண்மணி ஒருத்தி யோசித்திருக்கிறேன். செல்போன் டவராவது பரவாயில்லை, இது வீட்டுக்குள் ஓடுகிற வைஃபை.

அஞ்சலை மட்டும் குழம்பவே இல்லை. அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. "உங்க கைராசி மேடம் அது. நீங்க இருந்தா போவ மாட்டேங்குது. வெள்ளிக்கிழமை வரைக்கும் வந்து சும்மா உக்காந்துக்கினு இருங்க, ஒண்ணும் பண்ண வேணாம்" என்றாள். இருபது வருஷம் சால்டரிங் பிடித்தவளை எலுமிச்சம்பழமாக்கி வாசலில் தொங்கவிடுகிற பேச்சு. ரோஷம் வந்தது. ஆனால் என்னிடம் இருந்த விடை கொக்கு. சரி என்று ஒத்துக்கொண்டேன்.

4. வெங்காயம்

புதன்கிழமை கடையைப் பூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். நாற்காலி, கலர், "மேடம்". மூணு மணிக்கு ஏழுமலை எழுந்தார், அஞ்சலை கண்ணைக் காட்டினாள், அவர் வெளியே போனார். ஒரு தடங்கல் இல்லை. ஆறரைக்கு வீடு திரும்பினேன்.

வியாழக்கிழமை எனக்குச் சும்மா உட்கார முடியவில்லை. முறத்தில் சின்ன வெங்காயம் கிடந்தது, இறங்கித் தரையில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன். "ஐயோ மேடம்" என்று பதறினவள் நாலு வெங்காயத்துக்குப் பிறகு "பெருசு பெருசா எடுத்து உரிங்க" என்றாள், பத்து வெங்காயத்துக்குப் பிறகு "ரெஜினா, அந்தக் கத்தியை இப்படிக் குடு" என்றாள். பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தோம். அவள் கல்யாணம், என் கல்யாணம், மாமியார்கள். என் மாமியாரின் குறட்டையை நான் செய்து காட்டியபோது உள்ளேயிருந்து தமிழ்ச்செல்வி, "கால்ல கஸ்டமர் இருக்காரு, சத்தம் போடாதீங்க" என்று கதவைத் தட்டினாள். நாங்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினோம். அன்று கருவாட்டுக் குழம்பு. தட்டை நானே கழுவி வைத்தேன், யாரும் தடுக்கவில்லை. ஏழுமலை மட்டும் வெளியிலேயே நின்று சாப்பிட்டார், அவருக்கு இன்னும் கூச்சம் தெளியவில்லை.

நாளைக்கு வெள்ளி. ஏதாவது அசம்பாவிதம் ஆனால் சொல்ல ஒரு பதில் வேண்டும் என்று தமிழ்ச்செல்விக்கு ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தின் பராமரிப்பு, தற்காலிகத் தடங்கல் என்று நாலு வரி. படித்தால் எனக்கே எதுவும் புரியாது. நல்ல பதிலுக்கு அதுதான் அழகு என்று சொல்லி ஒப்பிக்கவைத்தேன்.

5. வெள்ளிக்கிழமை மூணு மணி

வெள்ளிக்கிழமை நான் போனபோது பாய் சுருளவில்லை. நாற்காலி வரவில்லை. கொடியில் துணி கிடந்தது. அஞ்சலை அடுப்படியிலிருந்தே, "வா ரெஜினா, வெங்காயம் இருக்குது பாரு" என்றாள். நான் டிவி பலகைக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முறத்தை மடியில் வைத்துக்கொண்டேன். தமிழ்ச்செல்வி குங்குமம் வைத்து, நல்ல சுடிதார் போட்டு, கதவைச் சாத்தினாள். சாத்துமுன் என்னைப் பார்த்து, "போயிடாதீங்கக்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது. வெங்காயத்தாலோ என்னவோ எனக்கும்தான்.

மூணு மணிக்கு உள்ளே அவள் குரல் கணீரென்று கேட்டது. "வணக்கம் சார், சொல்லுங்க சார்." முதல் கஸ்டமர். டீம் லீடரும் லைனில் கேட்க வந்தாயிற்று. ஜன்னல் வழியாகக் கடல்காற்று திரும்பி வீசியது, கொடித் துணி படபடத்தது. ஏழுமலை எழுந்தார். இந்த முறை சட்டையைத் தேடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அடுப்பு மேல் ஒரு தட்டை மூடினார், டிவி மேல் ஒரு போர்வையைப் போட்டார், தையல் மெஷினுக்கு ஒரு சாக்கு. அஞ்சலை கண்ணைக் காட்டவில்லை. பிறகு அவர் என் பக்கம் வந்து, "ஏம்மா ரெஜினா, அந்த அன்னக்கூடையை எடு" என்றார்.

என் காலடியில் பழைய பெரிய அலுமினிய அன்னக்கூடை ஒன்று கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். "கொஞ்சம் தலையைக் குனி" என்றார். குனிந்தேன். என் தலைக்கு மேல் டங் என்று ஒரு சத்தம் கேட்டது. நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

உள்ளே, "ஹலோ? சார், கேக்குதா? ஹலோ?"

வெங்காயத்தைக் கையில் வைத்தபடி மெதுவாகத் தலையை நிமிர்த்தினேன். மேல் தட்டில் ரவுட்டர் இல்லை. அன்னக்கூடை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தது, அதன் விளிம்புக்கு அடியிலிருந்து இரண்டு ஒயர் வெளியே வந்துகொண்டிருந்தது.

நான் எழுந்த வேகத்தில் வெங்காயம் அறை முழுக்கச் சிதறியது. அன்னக்கூடையைப் பிடுங்கி ஏழுமலை கையிலேயே திணித்தேன். வாயிலிருந்து கோழி மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. அதற்குள் கதவு திறந்து தமிழ்ச்செல்வி ஓடி வந்தாள், அவள் இழுத்த இழுப்பில் ஹெட்போன் ஒயர் பிடுங்கிக்கொண்டது. பத்து விநாடிதான், நெட் வந்துவிட்டது. ஆனால் இப்போது டீம் லீடர் குரல் லேப்டாப் ஸ்பீக்கரில் வீடு முழுக்க ஒலித்தது. ஒரு பெண்மணி, கறாரான குரல்.

"தமிழ்ச்செல்வி, இது நாலாவது தடவை. இப்ப என்ன சொல்லப் போறீங்க? நெட்வொர்க் இஷ்யூவா?"

நான் எழுதிக் கொடுத்த தாள் கீபோர்டு பக்கத்தில் இருந்தது. அவளோடு உள்ளே ஓடி, அதை எடுத்து அவள் கண்ணுக்கு நேரே நீட்டினேன். அவள் தாளைப் பார்த்தாள், வாசலில் கூடையோடு நிற்கிற அப்பாவைப் பார்த்தாள். "இல்ல மேடம்" என்றாள். "எங்கப்பா ரவுட்டர் மேல அன்னக்கூடையைக் கவுத்துட்டாரு."

அந்தப் பக்கத்திலிருந்து, "எதை?"

"அன்னக்கூடை மேடம். சோறு வடிச்சுக் கொட்டி வெப்போமே, அது. அலுமினியம்."

"கேமராவைப் போடுங்க" என்றார் டீம் லீடர்.

கேமரா போட்டாள். ஏழுமலையை நான்தான் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். கூடையை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார். அதற்குள் அவருக்கும் விஷயம் விளங்கிவிட்டது, முகம் செத்துப்போயிருந்தது. ஏன் மூடினீர்கள் என்று அந்த அம்மா கேட்டார்.

"முப்பது வருசமா மோட்டார் ஓட்டுறேங்க" என்றார் ஏழுமலை. "காத்து திரும்புனா மோட்டார் மேல தகரத்தைக் கவுத்து மூடிடுவேன். இல்லன்னா உப்பு தின்னுடும். முன்ன இருந்த நெட்டுப் பொட்டி அப்படித்தாங்க துருவேறிப் போச்சு, இது இப்பத்தான் புதுசா மாட்டுனது. இது என் பொண்ணு பொழப்புங்க. இதையும் உப்புக்குக் குடுக்க முடியுங்களா? ஒருநாள் தவறாம மூடுனேன்." அப்புறம், "தப்பு என்னுதுங்க. என் பொண்ணை ஒண்ணும் பண்ணாதீங்க" என்றார்.

திரையில் டீம் லீடர் முகம் அசையாமல் இருந்தது. பிறகு மைக்கை மட்டும் அணைத்தார், தலை கீழே போய்விட்டது, முடி மட்டும் தெரிந்தது, அது குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாரோ என்று அஞ்சலை பயந்துவிட்டாள். நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், முகம் முழுக்கச் சிரிப்பு. "நான் கேக்காத சாக்கு கிடையாது. இதை யாராலயும் இட்டுக்கட்டிச் சொல்ல முடியாது" என்றார். அப்புறம் கறாரான குரல் திரும்பிவிட்டது. "ஆனா மிச்ச நேரமும் கேப்பேன். நாலு மணி வரைக்கும் ஒரு கால் கூட கட்டாகக் கூடாது."

ஐம்பது நிமிஷம் மிச்சமிருந்தது. ஏழுமலை ஜன்னலுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் போய், கடல்காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு, அந்தப் பெட்டியைப் பார்த்தபடி நின்றார். ஜன்னலைச் சாத்தலாமே என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் அஞ்சலையும் அறை முழுக்க முட்டி போட்டு வெங்காயம் பொறுக்கினோம். எனக்குச் சிரிப்பு வரும், அவளைப் பார்ப்பேன், அவளுக்கு வரும், தையல் மெஷினுக்கு அடியில் தலையை விட்டுக்கொள்வோம். உள்ளே தமிழ்ச்செல்வி ஒருவருக்குப் புடவைப் பார்சல், ஒருவருக்கு டேபிள் ஃபேன் என்று தேடித் தேடிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு மணி அடிக்கும் வரை ஒரு லைன்கூட அறுந்துபோகவில்லை.

6. படிவம்

பிறகு நான் அஞ்சலையை ஒரு பிடி பிடித்தேன். நாலு நாள் என் முன்னால் உட்கார்ந்திருந்தாயே, இதை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டேன். அவளுக்கு அது சொல்கிற விஷயமாகவே தோன்றவில்லை. மத்தியானம் ஆனால் அந்த வீட்டில் மூடாத பொருள் எது? ஆறு மணிக்கு மேல் காற்று அடங்கினால் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். தமிழ்ச்செல்வியும் இடைவேளையில் வெளியே வந்து அந்தக் கூடையைத் தினமும் பார்த்தவள்தான். நான் லைட்டைப் பார்க்கச் சொன்னபோதெல்லாம் அஞ்சலை கூடையைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள், நெட் வந்திருக்கிறது, திரும்பக் கவிழ்த்திருக்கிறாள். நான் போனபோதெல்லாம் ஏன் மூடவில்லை என்றதற்கு, "நீ மேடமாச்சே. வீடு பூரா சட்டியும் சாக்குமா மூடி வெச்சிருந்தா என்னா நெனைப்பே? அதான் அவரை ஒண்ணும் பண்ண வுடல. நேத்து நீ தட்டைக் கழுவி வெச்சே, இனிமே என்னா உனக்கு" என்றாள்.

இதுதான் நான் கற்றுக்கொண்டது. மேடமாக இருந்த வரை அந்த வீடு எனக்கு மரியாதையைத்தான் காட்டியது, கோளாறைக் காட்டவில்லை. நான் கார்டை மாற்றினேன், ஒயரைச் சுத்தம் செய்தேன், கொக்கைச் சந்தேகப்பட்டேன். மூணு மணிக்கு இந்த வீட்டில் யார் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. இப்போது யார் வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்கிறேன். நாற்காலி போட்டால் நன்றி சொல்லிவிட்டுத் தரையில் உட்காருகிறேன்.

அன்று ஷிப்டு முடியுமுன் கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்தது. இணைப்பு அறுந்ததற்குக் காரணம், திரும்ப நடக்காமல் இருக்க எடுத்த நடவடிக்கை என்று இரண்டு கட்டம். அதை நிரப்பி அனுப்பினால் பழைய மூன்று புகாரையும் சேர்த்து மூடிவிடுவதாக டீம் லீடர் எழுதியிருந்தார். தமிழ்ச்செல்வி இடைவேளையில் எனக்குப் போன் செய்து என்ன எழுதுவது என்று கேட்டாள். உலோக மூடியால் சிக்னல் தடை என்று எழுது, கௌரவமாக இருக்கும் என்றேன். சரிக்கா என்றாள்.

மறுநாள் அவள் அனுப்பினதைக் காட்டினாள். நான் சொன்னதை எழுதவில்லை. காரணம் என்ற கட்டத்தில், 'என் வேலை மேல் என் அப்பா வைத்திருந்த அக்கறை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். நடவடிக்கை என்ற கட்டத்தில், 'அப்பாவுக்கு ஒரு பிளாஸ்டிக் கூடை வாங்கிக் கொடுத்தாயிற்று.' அதற்குக் கீழே, ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று டீம் லீடர் கையெழுத்து.